பீடோருக்குப் போன ஐந்து பொட்டலம்

மார்ச் 11, 1996, திங்கள்

சீனப் புத்தாண்டுக்கு மருந்துக் கம்பெனிக்காரன் ஆறு டைரி கொண்டுவந்து கொடுத்தான். நான் வேலை செய்யும் கடையின் சீன வைத்தியர் சின்சே ஐந்தைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டு ஆறாவதை என் பக்கம் தள்ளினார். ஒரு மாதமாக அது அரிசி டின் மேல் கிடந்தது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நேற்று பீடோரில் நடந்த பேச்சு. அங்கே வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே திறக்கலாம்.

பீடோரில் என் கொழுந்தன் நாகேந்திரன் வீடு. என் மாமியாரும் அங்கேதான் இருக்கிறார். கொழுந்தன் மனைவி யோகேஸ்வரிக்கு ஆறு மாதம் முடியப் போகிறது. முப்பத்தொன்றாம் தேதி வளைகாப்பு. யார் சந்தனம் பூசுவது, யார் முதல் வளையல் போடுவது என்று அத்தை ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்து என்னிடம் நின்றார்.

"குணவதி, அன்னிக்கி நீ அடுப்படிய பாத்துக்க. நெய்ச்சோறு ஒன்ன மாதிரி யாருக்கு ஆக்க வரும்?"

பதினொரு வருடமாகப் பிள்ளை இல்லாதவள் வளையல் தட்டைத் தொடக் கூடாது என்பதை இதைவிட மணமாக யாராலும் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் சுவரில் தொங்கிய காலண்டரை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் இல்லை. நெய்ச்சோறு நன்றாகவே ஆக்குவேன்.

கிளம்பும்போது யோகேஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள்.

"அக்கா, முதுகு ஒடையிற மாதிரி வலிக்கிது. கிளினிக்ல நர்ஸ் மிஸ்ஸிகிட்ட சொன்னா, வயித்துல புள்ள இருந்தா அப்படித்தான், படுத்துக்கன்னு சொல்லிட்டாங்க. படுத்தாலும் வலிக்கிது. ஒங்க கடையில ஏதாச்சும் இருக்குமாக்கா?"

இருபத்து நாலு வயதுப் பெண். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

கம்பாரில் இந்தச் சீன மருந்துக் கடைக்கு நான் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சின்சே லியோங் நாடி பார்த்துச் சீட்டு எழுதுவார். நான் சுவர் முழுக்க இருக்கும் லாச்சி என்கிற இழுப்பறைகளை இழுத்து, வேரும் பட்டையும் எடுத்து, கோல்தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டுவேன். லாச்சிகளின் முகத்தில் எல்லாம் சீன எழுத்து. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இடம் தெரியும். வலது பக்கம், நாலாவது வரிசை, ஆறாவது லாச்சி, முன் தட்டு என்றால் என் கை கண்ணை மூடிக்கொண்டு போகும். தமிழ் ஆட்கள் என்னை டாக்டரம்மா என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டு இருமலுக்கு என்னிடம்தான் கேட்பார்கள்.

யோகேஸ் முதுகுவலியைச் சொன்னேன். நானும் சின்சேயும் பேசுவது பாதி கேண்டனீஸ், பாதி மலாய். இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

"கூட்டிக்கொண்டு வா. நாடி பார்க்காமல் கர்ப்பிணிக்கு ஒரு பேரீச்சம்பழம்கூடக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

அது அவர் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. கர்ப்பிணியின் பொட்டலத்துக்கு நாலு கண் வேண்டும். ஒருவர் நிறுத்துக் காகிதத்தில் பரப்பினால், மற்றவர் விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பார்த்த பிறகுதான் மடிக்கலாம். அவரே நிறுத்தாலும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவார். மனைவிக்கு மருந்து பற்றி என்னைவிடக் குறைவாகத்தான் தெரியும். இருந்தாலும் காட்டுவார்.

பீடோருக்குப் போன் போட்டேன். அத்தைதான் எடுத்தார். "வயித்துப்புள்ளக்காரிய பஸ்ல ஏத்தி சீனங்கடைக்குக் கூட்டிக்கிட்டு போவணுமா? நல்லாருக்கு நீ சொல்றது" என்றார். அதோடு அது முடிந்தது.

வியாழக்கிழமை சின்சேக்கு ஈப்போவில் கண்புரை ஆபரேஷன். மனைவியும் கூடப் போகிறார். ஒரு வாரம் சாவி என் கையில். பழைய சீட்டுக்கு மறுபடி கட்டிக் கொடுக்கலாம், தைலம் விற்கலாம். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் வந்தால் புதன்கிழமைக்கு மேல் வரச் சொல்ல வேண்டும். மூன்று முறை சொல்லிவிட்டார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

மார்ச் 13, புதன்

நாலு நாள் மழைக்குப் பிறகு வெயில். லாச்சிகளில் வண்டு வந்துவிட்டது. ஒவ்வொரு லாச்சிக்குள்ளும் முன்னே ஒன்று பின்னே ஒன்றாக இரண்டு தகரத் தட்டுகள் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துக் கடை முன்னால் காயவைத்தேன். மூன்று மணிக்கு மறுபடியும் மழை பிடித்தது. தட்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, துடைத்து, அடுக்கி முடித்தபோது இடுப்பு கழன்றுவிட்டது. சின்சே நாளைய ஆபரேஷனுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை கொடுக்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

சாவி கனமாக இருக்கிறது. பிடித்திருக்கிறது.

மார்ச் 15, வெள்ளி

காலை பதினொரு மணிக்குக் கடைக்குப் போன். யோகேஸ். அத்தை கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள்.

"அக்கா, கட்டில விட்டு எந்திரிக்க முடியலக்கா. உருண்டு எறங்கறேன். சின்சே வர்ற வரைக்கும் என்னால தாங்க முடியாது. நீங்களே ஏதாச்சும் குடுங்க. ஒங்களுக்குத் தெரியாததா?"

அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நாகேந்திரன் மதியம் கம்பாருக்கு லாரி சாமான் வாங்க வருகிறானாம்.

சின்சே இல்லை என்பது தெரியும். சட்டமும் தெரியும். ஆனால் கர்ப்பிணி முதுகுவலிக்கு அவர் எழுதும் சீட்டு ஒன்றுதான். நூறு முறையாவது கட்டியிருப்பேன். உடைத்தால் ரப்பர்ப் பால் போல வெள்ளை இழை நீளும் மரப்பட்டை. முசுக்கட்டை மரத்தில் ஒட்டி வளரும் குச்சி. அப்புறம் சுன்துன். அது ஒரு வேர், வட்டமாக நறுக்கியிருக்கும். அறுந்ததை ஒட்டவைக்கும், பிள்ளையைப் பிடித்து நிறுத்தும் என்பார் சின்சே. நாலாவது வரிசை, ஆறாவது லாச்சி, முன் தட்டு. கூட இரண்டு சிவப்புப் பேரீச்சை. மூன்று கிண்ணத் தண்ணீரை ஒரு கிண்ணமாகச் சுண்டவைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் குடிக்க வேண்டும். ஐந்து பொட்டலம் கட்டினேன்.

சுன்துன் துண்டுகளில் நடுவே ஒரு பச்சை ஓட்டம் இருக்கும். இன்று கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தன. மழை இருட்டு. புதுச் சரக்காகவும் இருக்கலாம்.

மடிக்கும் முன் நானே விரலால் ஒதுக்கிப் பார்த்தேன். என் கண் இரண்டு, கண்ணாடி இரண்டு, நாலாயிற்று என்று சொல்லிச் சிரித்துக்கொண்டேன். நாகேந்திரன் வந்து வாங்கிப் போனான். "தேங்ஸ் அண்ணி" என்றான்.

மார்ச் 17, ஞாயிறு

யோகேஸிடம் போனில் கேட்டேன். "குடிச்சேன்க்கா. கசப்புதான். நல்லா தூக்கம் வந்துச்சி" என்றாள். பக்கத்தில் அத்தை ஏதோ சொல்லும் குரல் கேட்டது. சண்டைக் குரல் இல்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பாத்தியா, ஒனக்குக் கைராசி" என்றார். பதினொரு வருடத்தில் என் கையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

மார்ச் 18, திங்கள்

கருவாட்டைத் தீய்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அதையும் சாப்பிட்டு முடித்தார்.

மார்ச் 19, செவ்வாய்

பசாரில் கண்ணாடி வளையல் பார்த்தேன். கிளிப்பச்சை. யோகேஸ் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும். வாங்கவில்லை. யார் போடச் சொன்னார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? கடைக்காரி இரண்டு டஜனை எடுத்துக் காகிதத்தில் சுற்றவே ஆரம்பித்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 20, புதன்

சின்சே வந்துவிட்டார். ஒரு கண்ணில் கட்டு.

பத்து மணிக்குத் தையற்கடை வோங் தாத்தா முட்டிவலியோடு வந்தார். அவர் சீட்டில் ங்காவ்சாட் உண்டு. அதுவும் வட்டமாக நறுக்கிய வேர்தான். நாலாவது வரிசை, ஆறாவது லாச்சி, பின் தட்டு. இடுப்புக்கும் முட்டிக்கும் இரண்டும் ஆகும் என்பதால் ஒரே லாச்சியில் வைத்திருக்கிறார்கள். நிறுத்துப் பரப்பினேன். சின்சே ஒற்றைக் கண்ணால் குனிந்து பார்த்தார். ஒரு துண்டை எடுத்து ஒடித்தார். மோந்தார். நுனிப்பல்லில் கடித்தார். பிறகு தானே எழுந்து போய் லாச்சியை இழுத்து இரண்டு தட்டையும் மேசை மேல் வைத்தார்.

"குணா, தட்டு மாறியிருக்கிறது."

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கும் தெரிந்தது. பின் தட்டில் பச்சை ஓட்டம். முன் தட்டில் மஞ்சள்.

வோங் தாத்தாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று சின்சே சிரித்தார். தாத்தா போன பிறகு சிரிக்கவில்லை.

"ஒன்பது வருடக் கை. தொட்டும் தெரியவில்லையா?"

மழை, வண்டு, அவசரம் என்று என்னவோ சொன்னேன்.

"நான் இல்லாதபோது முன் தட்டிலிருந்து யாருக்காவது நிறுத்தாயா?"

"இல்லை."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

ங்காவ்சாட் இரத்தத்தைக் கீழே இழுக்கும். நின்றுபோன தூரத்தை வரவைக்க எழுதுவார்கள். கர்ப்பிணி இருக்கும் பக்கமே அது போகக் கூடாது என்று நான் கடைக்கு வந்த முதல் வாரத்திலேயே சின்சே சொல்லிக் கொடுத்தார்.

வெள்ளி, ஞாயிறு, செவ்வாய். மூன்று பொட்டலம் உள்ளே போய்விட்டது. நாளை மாலை நாலாவது. சனிக்கிழமை மாலை ஐந்தாவது.

போன் எனக்கு ஒரு கை தூரத்தில்தான் இருந்தது. எடுத்து, குடிக்காதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்கள். கை தவறிவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? வளையல் தட்டுக்கு ஆகாதவள், ஓரகத்தியின் வயிற்றுக்கு மருந்து வைத்தாள். பீடோர் முழுக்க ஒரே நாளில் பரவும். அடுத்த வீட்டில் இப்படி நடந்து யாராவது என்னிடம் வந்து சொன்னால் நானே நம்ப மாட்டேன், தெரியாமல் செய்தாள் என்று.

கடவுளே, தெரியாமல்தான் செய்தேன்.

மார்ச் 21, வியாழன்

காலை ஒன்பது மணிக்குப் போன் போட்டுவிட்டேன். மனதில் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அத்தை எடுத்தார்.

"யோகேஸ் எப்படி இருக்கா அத்தை?"

"நல்லாருக்கா. ஒன் மருந்து நல்லா கேக்குது. ஒன்னப் பத்தி என்னென்னமோ நெனச்சிருக்கேன் குணவதி. இந்த வீட்டுக்கு நீ நல்லதுதான் செய்யிற."

பதினொரு வருடம் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வந்த நாளைப் பார். வளைகாப்புக்கு நெய் எத்தனை டின் வேண்டும் என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அடுப்பை அணைத்திருப்பாள். இப்போது வடிகட்டுவாள். இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். கசப்புக்கு ஒரு சீனி மிட்டாய்.

நாலு.

மார்ச் 22, வெள்ளி

சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்றார். தெரியும்.

கடையில் ஆள் இல்லாத நேரம் சின்சேயிடம் கேட்டேன். "சும்மா தெரிந்துகொள்ளத்தான். கர்ப்பிணி ஒருத்தி தெரியாமல் ங்காவ்சாட் குடித்துவிட்டால்?"

தராசைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"திடமான உடம்பாக இருந்தால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். பிடிப்பு இல்லாத வயிறாக இருந்தால் சொல்ல முடியாது. உடனே நிறுத்த வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னது குடித்தேன் என்று சொல்ல வேண்டும்." துணியை வைத்துவிட்டு, "குணா, போன் அங்கே இருக்கிறது" என்றார். உள்ளே போய்விட்டார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது.

போனை எடுக்கவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாது. நேரில் சொல்வதுதான் மரியாதை. நாளை அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன். மதியம் பஸ் ஏறினால் மூன்று மணிக்குள் பீடோர். ஐந்தாவதைக் குடிக்கும் முன் போய்விடலாம். இரண்டு வேரையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன், காட்டுவதற்கு.

நேற்றே போயிருக்கலாம். தெரியும். எழுத வேண்டியதில்லை.

மார்ச் 24, ஞாயிறு

நேற்று நடந்தது.

காலை ஒன்பதரைக்குக் கடைக்குப் போன். என் வீட்டுக்காரர். "யோகேஸுக்கு ரத்தம் போவுதாம். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டானுங்க. நான் கெளம்பறேன், நீ பஸ்ல வந்துரு."

சின்சே கைப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் ஒரு மணி நேரம். வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. நான் கொன்றேன், நான் கொன்றேன் என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

பிரசவ வார்டு வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். அத்தை, நாகேந்திரன், என் வீட்டுக்காரர். கதவு திறந்திருந்தது, உள்ளே முதல் கட்டிலில் யோகேஸ் தெரிந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், சின்ன வயது. கையில் அட்டை வைத்து எழுதிக்கொண்டே மலாயில் கேட்டார். விழுந்தாளா? பாரம் தூக்கினாளா? சீன மருந்து, நாட்டு மருந்து ஏதாவது?

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் அத்தை.

"இருக்கு" என்றேன். "நான் குடுத்தேன்."

கைப்பையைத் திறந்து இரண்டு காகிதத்தையும் பிரித்தேன். பிரித்த வேகத்தில் பாதி தரையில் சிந்தியது. இது கொடுக்க வேண்டியது, இது நான் கொடுத்தது. தட்டு மாறிவிட்டது. ஐந்து பொட்டலம், நாலு குடித்திருப்பாள். இது ரத்தத்தை இறக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அண்ணி, என்னா சொல்றீங்க நீங்க?" நாகேந்திரன் முன்னால் வந்தான். "என்னா சொல்றீங்க? மாத்திக் குடுத்தீங்களா? எம் பொண்டாட்டிக்கா?"

என் வீட்டுக்காரர் அவன் தோளைப் பிடித்தார். அவன் உதறினான். அவன் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ ஒரு சொட்டு குடிக்கல" என்றார் அத்தை.

யாருக்கும் புரியவில்லை. அத்தை என்னைப் பார்க்காமல் டாக்டரையே பார்த்து மலாயில் சொன்னார். பிறகு தமிழில், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"வந்த அன்னிக்கே அஞ்சையும் பிரிச்சி பின்னால சாக்கட அல்லூர்ல கொட்டி தண்ணி ஊத்திட்டேன். ஒன் மனசு கெட்டதுன்னு நான் நெனைக்கல குணவதி. ஆனா ஏங்கின கை. அந்தக் கையால குடுத்தது புள்ளைக்கு ஆவாதுன்னு பயம். நீ கேட்டா குடிச்சேன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்."

நல்லா கேக்குது. நல்லா தூக்கம் வந்துச்சி. இந்த வீட்டுக்கு நீ நல்லதுதான் செய்யிற.

டாக்டர் அட்டையைத் திருப்பினார். ஸ்கேனில் பார்த்துவிட்டார்களாம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடியிருக்கிறது, ரத்தம் அதனால்தான். இப்போது நின்றிருக்கிறது. குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறது. பிரசவம் வரைக்கும் இங்கேயே படுக்கை. பிறகு என் பக்கம் திரும்பி, "அவள் மட்டும் இதைக் குடித்திருந்தால்" என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் போய்விட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். முதலில் சந்தோஷத்தில்தான் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். பிள்ளை இருக்கிறது. அத்தையின் மூட நம்பிக்கைக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று தோன்றியது. அதற்குப் பிறகு கோபம் வந்தது. நான் இரவெல்லாம் பொட்டலத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். இவர்கள் என்னை அல்லூரில் கொட்டிவிட்டு நெய் டின் கணக்குப் பேசியிருக்கிறார்கள்.

கோபமும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை அதைக் கொட்டியபோது அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டது அநியாயம். அன்று நான் நல்ல மனதோடுதான் கட்டினேன். புதன்கிழமை பத்து மணிக்கு மேல் அது அநியாயம் இல்லை.

நேற்று அங்கே இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. எப்போது தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

சின்சேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன், புதன்கிழமை சொன்ன 'இல்லை' உட்பட. சாவியை வாங்கிக்கொண்டார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. இரண்டும் நியாயம்தான்.

மார்ச் 27, புதன்

என் வீட்டுக்காரர் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. இன்று சாப்பிடும்போது, "தட்டு மாறுனது தெரிஞ்ச ஒடனே எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றார். எப்போது தெரிந்தது என்று அவரும் கேட்கவில்லை. காலண்டர் படிக்கிறவர்.

மார்ச் 30, சனி

மதியம் ஈப்போவுக்குப் போனேன். நாளைக்கு வளைகாப்பு இல்லை. டாக்டர் யோகேஸை உட்காரக்கூட விடவில்லை. அத்தை என்னைக் கண்டதும் எழுந்து, கடையில் கோப்பி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் பேச்சு அது. வார்டில் எட்டுக் கட்டில். பக்கத்துக் கட்டில் சீனத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆரஞ்சை உரித்துச் சுளையாகப் பிரித்துத் தட்டில் வைத்தேன். யோகேஸ் எடுக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தட்டு மாறுனது ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். தெரிந்த அடுத்த நிமிடம் பஸ் ஏறி ஓடிவந்தேன் என்று. சின்சே யாரிடமும் சொல்ல மாட்டார். இந்த டைரி தமிழில் இருக்கிறது, ஆனால் யாரும் தொடாத என் அரிசி டின் மேல் இருக்கிறது.

"புதன்கிழம" என்றேன். "காலையில பத்து மணிக்கு."

அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"நான் வியாழக்கிழம நாலாவது குடிப்பேன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அன்னிக்கி காலையில அத்தைகிட்ட போன்ல பேசுனீங்க."

"பேசுனேன். நெய் எத்தன டின்னுன்னு கேட்டேன்."

அவள் கண் நிறைந்தது. என் கண்ணில் ஒன்றும் வரவில்லை. எல்லாம் பெஞ்சிலேயே போய்விட்டது.

"பயம் யோகேஸ். ஊரு என்ன சொல்லும்னு பயம். ஒம் புள்ளையவிட எம் பேரு பெருசாப் போச்சி எனக்கு."

"நாங்களும் பொய்தான் சொன்னோம்" என்றாள் மெதுவாக.

"ஒங்க பொய்யில யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

அவள் கஷ்டப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வயிற்றுக்கு அடியில் தலையணையை அவளே இழுத்து வைத்துக்கொண்டாள். நான் எழுந்தேன். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோப்பிக்குப் போன அத்தை வாசலில் வந்து நின்றதும் தெரிந்தது. உள்ளே வரவில்லை.

"இன்னும் இருக்கீங்களாக்கா?" சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இருக்கேன்."

"முதுகு வலிக்கிது. கொஞ்சம் தேய்ச்சி விடுங்க."

நான் அசையவில்லை. வாசலில் நின்ற அத்தையைப் பார்த்தேன். அத்தை கையில் இருந்த கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க" என்றாள் யோகேஸ். "வலிக்கிது. அவ்ளோதான்."

ஆரஞ்சுப் பிசுக்கைச் சேலையில் துடைத்துவிட்டு, உள்ளங்கையை அவள் முதுகில் வைத்தேன்.